சாக்கெட்டா, எலும்பில் பதித்த தண்டா? முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்கள் முடிவெடுக்கும் முன்

முழங்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டவர் செயற்கைக்காலை உடம்போடு சேர்த்துக்கொள்ள இன்று இரண்டு வழி இருக்கிறது. மிச்சமிருக்கும் தொடையைச் சாக்கெட்டுக்குள், அதாவது அதன் அளவுக்கு வார்த்த கூட்டுக்குள் இறக்கி, பெல்ட்டாலோ தோல்மேல் மாட்டும் மெத்தென்ற சிலிக்கான் லைனராலோ காற்றுறிஞ்சும் வால்வாலோ பிடித்து நிறுத்துவது பழைய வழி. தொடை எலும்பின் உள்ளே உலோகத் தண்டைப் பதித்து, அதன் நுனியைத் தோல் வழியே வெளியே எடுத்து, முழங்கால் மூட்டை அதிலேயே மாட்டிக்கொள்வது புதிய வழி. புதிய வழியிலும் இரண்டு பாணி உண்டு. திருகாணி போல எலும்பில் முறுக்கி ஏற்றும் ஸ்வீடன் பாணி ஒன்று. நீளத் தண்டை எலும்புக்குள் இறுக்கி அடித்து இறக்கும் ஜெர்மன், ஆஸ்திரேலியப் பாணி மற்றொன்று.

அறுவை சிகிச்சை நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடைக்காது. இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். உங்கள் தொல்லை உண்மையில் சாக்கெட்டிலிருந்துதான் வருகிறதா? தோலில் நிரந்தரமாகத் திறந்திருக்கும் ஒரு துளையோடு நீங்கள் வாழ முடியுமா, அந்தத் துளையில் கோளாறு வந்தால் ஓரிரு நாளில் பார்க்கத் தெரிந்த மருத்துவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் ஆபரேஷனால் பயனில்லை. இரண்டாவதற்கு 'இல்லை' என்றால் ஆபரேஷன் ஆபத்து.

முதலில் சாக்கெட்டை விசாரியுங்கள்

ஸ்வீடனில் முழங்காலுக்கு மேல் கால் இழந்த 97 பேரிடம் கேட்டு 2001-இல் வெளியான ஆய்வில், 72 சதவீதம் பேர் சாக்கெட்டுக்குள் சூடும் வியர்வையும் தொல்லை என்றார்கள். 62 சதவீதம் பேர் புண்ணும் எரிச்சலும் என்றார்கள். ஸ்வீடனின் குளிரிலேயே இந்தக் கதி. சென்னை மே மாதத்தில் சிலிக்கான் லைனருக்குள் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லைனருக்கும் தோலுக்கும் நடுவே வியர்வை தேங்கினால் பிடிப்பு போய்விடும். கால் மேலும் கீழும் உருவி உருவி ஏறும், அந்த உரசலில் தோல் கிழியும்.

ஆனாலும் தொல்லைகள் எல்லாம் ஒரே காரணத்தால் வருவதில்லை. சாக்கெட்டைக் கழற்றியதும் தெரியும் சிவப்பு பத்து, இருபது நிமிடத்தில் மறைந்தால் அது சாதாரண அழுத்தம். அரைமணி கழித்தும் மறையாவிட்டால் அந்த இடத்தில் அச்சு தப்பியிருக்கிறது. ஸ்டம்ப்பின் (வெட்டிய பின் மிஞ்சிய தொடையின்) அடி நுனி நீலம் பாரித்து, தடித்து, மருக்கள் போலச் சொரசொரத்தால், மேலே இறுக்கமாகவும் அடியில் காலியாகவும் சாக்கெட் இருக்கிறது என்று பொருள். அடியில் தாங்கல் இல்லாததால் ரத்தம் அங்கே தேங்குகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். செயற்கைக்கால் செய்து பொருத்தும் பிராஸ்தெட்டிஸ்ட் சாக்கெட்டின் அடியில் ஒரு சின்னக் களிமண் உருண்டையைப் போட்டு, உங்களை ஏறி நிற்கச் சொல்வார். வெளியே எடுக்கும்போது உருண்டை தட்டையாக நசுங்கியிருந்தால் அடி தொடுகிறது. போட்டபடியே உருண்டையாக இருந்தால் தொடவில்லை. ஐந்து நிமிட வேலை. கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்டம்ப் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு இருக்கும். அதைச் சரிக்கட்டத்தான் துணி உறைகள். உறைகளின் தடிமன் எல்லாம் சேர்த்து பத்து பிளையைத் தாண்டினால், அதற்குமேல் உறை போடுவதில் அர்த்தமில்லை, புது சாக்கெட் வார்க்க வேண்டும். உடம்பு நாலைந்து கிலோ ஏறினாலும் இறங்கினாலும் அதே கதைதான். அளவு மாறிய சாக்கெட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, 'சாக்கெட்டே எனக்கு ஒத்துவராது' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறவர்கள் நிறைய.

வியர்வைக்கு: வியர்வை தடுக்கும் மருந்தை இரவில், காய்ந்த தோலில் தடவ வேண்டும். காலையில் லைனர் போடும் முன் தடவினால் எரிச்சல்தான் மிஞ்சும். லைனரைத் தினமும் மிதமான சோப்பில் கழுவி, நுரை துளியும் மிஞ்சாமல் அலச வேண்டும், ஏனென்றால் மிஞ்சிய சோப்பே தோலை எரிச்சலூட்டும். மாற்றுக்கு இரண்டாவது லைனர் கையில் இருந்தால் நடுப்பகலில் துடைத்து மாற்றிக்கொள்ளலாம். பெல்ட்டும் துணி உறையும் வைத்த சாக்கெட்டில் நடப்பவர்கள், எலும்பு ஆபரேஷனை யோசிக்கும் முன் லைனரோடு கூடிய காற்றுறிஞ்சும் சாக்கெட்டை ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். இலவச முகாம்களில் வாங்கிய சாக்கெட்டை மட்டும் வைத்து சாக்கெட் வகையையே எடைபோடுவது நியாயமில்லை. அந்த முகாம்கள் எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கின்றன. ஆனால் ஒரே நாளில் வார்த்துக் கொடுக்கும் சாக்கெட்டில் மூன்று, நான்கு முறை போட்டுப் பார்த்துத் திருத்த நேரம் இருப்பதில்லை.

ஒரு இடத்தைத் தட்டினால் ஷாக் அடிப்பது போல இழுக்கிறதா? அது நரம்பு முடிச்சு. சாக்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் போகாது, எலும்பில் தண்டு பதித்தாலும் தானாகப் போகாது. அதற்கு நரம்பு அறுவை சிகிச்சை தனி. தண்டு பதிக்கும்போதே வெட்டுண்ட நரம்பைப் பக்கத்துத் தசை நரம்போடு இணைத்துவிடும் மையங்களும் உண்டு, அதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். முழங்கால் மூட்டு நினைக்காத நேரத்தில் மடங்கிவிடுகிறது, படி இறங்க முடியவில்லை என்பது மூட்டின் குறை. அதற்கு வேறு மூட்டு போதும்.

இவ்வளவையும் கழித்த பிறகும் மிஞ்சும் தொல்லைகள் உண்டு. ஸ்டம்ப் மிகக் குட்டை, சாக்கெட் பிடிக்க இடமே இல்லை. தீக்காயத் தழும்பு, ஒட்டுப்போட்ட தோல், ஒவ்வொரு மாதமும் கிழிகிறது. நல்ல பிராஸ்தெட்டிஸ்ட் இரண்டு, மூன்று முறை முயன்றும் நாளில் சில மணி நேரத்துக்குமேல் போட முடியவில்லை. எலும்பு வழி உண்மையில் இவர்களுக்காக வந்தது.

திருகுவதும் இறுக்கி இறக்குவதும்

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை ஸ்வீடனின் பேர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் கண்டார். 1965-இல் அது மனிதர் பல்லுக்கு வந்தது. கோத்தன்பர்க் நகரில் 1990-இல் தொடை எலும்பில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. 1999-இல் அது ஓப்ரா என்ற முறையான சிகிச்சைத் திட்டமானது. அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2015-இல் வரம்புக்குட்பட்ட அனுமதியும், 2020 டிசம்பரில் முழு அனுமதியும் கொடுத்தது, அதுவும் முழங்காலுக்கு மேல் வெட்டப்பட்டவர்களுக்கு மட்டும்.

ஓப்ராவில் மூன்று உருப்படிகள்: எலும்புக்குள் திருகி ஏறும் மறையிட்ட டைட்டானியக் குழல், அதிலிருந்து தோலுக்கு வெளியே நீளும் தண்டு, இரண்டையும் பிணைக்கும் உள் திருகாணி. ஆபரேஷன் இரண்டு தடவை. முதல் தடவை குழலைப் பதித்துத் தோலை மூடிவிடுவார்கள். எலும்பு பற்றிக்கொள்ள 3 முதல் 6 மாதம் காத்திருப்பு. இரண்டாம் தடவை எலும்பு நுனியைத் திறந்து, அந்த இடத்தின் தோலை மிக மெல்லியதாகச் சீவி நேரே எலும்பு மீது ஒட்டவைத்து, நடுவில் தண்டை வெளியே விடுவார்கள். தோல் அசையாமல் இருந்தால் கிருமி நுழைவது குறையும் என்பதே கணக்கு.

அதற்குப் பிறகுதான் பொறுமையின் பரீட்சை. பல வாரம் ஆறவிட்டு, குட்டையான பயிற்சிக்காலை மாட்டி, வீட்டில் எடை பார்க்கும் மெஷின் மீது அதை ஊன்றி, முள் 20 கிலோ காட்டும் வரை மட்டும் உடம்பைச் சாய்க்க வேண்டும். வாரத்துக்கு 10 கிலோ வீதம் ஏற்றிக்கொண்டே போய் முழு உடல் எடைக்கு வர வேண்டும். வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டினால் அந்த வாரம் ஏற்றக்கூடாது, முந்தைய எடைக்குத் திரும்ப வேண்டும். 70 கிலோ மனிதருக்கு இதுவே ஆறேழு வாரம். பிறகு முழுக்கால், ஊன்றுகோல், நடைப்பயிற்சி. முதல் ஆபரேஷனிலிருந்து கணக்கிட்டால் ஒரு வருடம், எலும்பு மெலிந்திருந்தால் ஒன்றரை வருடம். நடுவில் சில மாதம் செயற்கைக்காலே இல்லாமல் கழியும். சம்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர் இதைக் காலண்டரில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

இறுக்கி இறக்கும் பாணி ஜெர்மனியின் லூபெக்கில் 1999-இல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் சிட்னியின் முன்ஜெட் அல் முதரிஸ் அதை வேகப்படுத்தினார். இடுப்பு மூட்டு மாற்றும்போது தொடை எலும்புக்குள் இறக்கும் தண்டின் அதே தத்துவம்தான்: சொரசொரப்பான நீளத் தண்டை அளவு குடைந்த எலும்புக்குள் இறுக்கமாக அடித்து இறக்கினால் அன்றைக்கே அசையாது, எலும்பு பின்னால் வளர்ந்து பற்றிக்கொள்ளும். அதனால் பல மையங்கள் ஒரே ஆபரேஷனில் முடிக்கின்றன. சில நாளிலேயே 20 கிலோவில் தொடங்கி நாளுக்கு 5 கிலோ ஏற்றி 50 கிலோவோ பாதி உடல் எடையோ வந்ததும் கால் மாட்டி, ஆறு வாரம் இரண்டு ஊன்றுகோல், அடுத்த ஆறு வாரம் ஒரு ஊன்றுகோல். ஓப்ராவில் ஒரு வருடம் ஆவது இங்கே மூன்று, நான்கு மாதம்.

வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். திருகிய குழல் நீளம் குறைவு, கழற்ற வேண்டி வந்தால் எலும்புச் சேதமும் குறைவு. நீளத் தண்டு எலும்பின் பெரும்பகுதியோடு பிணைந்துவிடும். சீழ் பிடித்து அதை எடுக்க வேண்டி வந்தால் எலும்பில் ஜன்னல் வெட்ட நேரலாம், மிஞ்சும் எலும்பு குறைந்துவிடும். இன்னொரு பக்கம், குழலுக்குக் கிடைக்கும் பிடிப்பு குறைவு என்பதால்தான் அத்தனை மாதக் காத்திருப்பு. அவசரக்காரர் இதில் சுமையைச் சீக்கிரம் ஏற்றினால் குழல் தளர்ந்துவிடும்.

திறந்த துளை

காணொளிகளில் எல்லாரும் நடையைத்தான் காட்டுவார்கள். தினமும் பார்க்க வேண்டியது துளையை.

தண்டு வெளியே வரும் இடத்தில் தோல் உலோகத்தோடு ஒருபோதும் ஒட்டுவதில்லை. நிறமற்றோ மஞ்சளாகவோ கொஞ்சம் கசிவு எப்போதும் இருக்கும், அது கோளாறில்லை. காலையும் மாலையும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, காய்ந்த பொருக்கை மெதுவாக எடுத்து, கசிவு இருந்தால் காஸ் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். துளையைச் சுற்றிச் சிவந்த சதை தக்காளிச் சுளை போல மேலெழும்பி ரத்தம் கசியலாம். தோல் தண்டோடு உரசி உரசி வளர்வது அது. தொடையில் கொழுப்பு அதிகம் விட்டுவைத்திருந்தால் தோல் ஆடிக்கொண்டே இருக்கும், அங்கேதான் இது அதிகம். சதையைச் சுட்டோ வெட்டியோ சரிசெய்வார்கள், மறுபடி வரவும் வரும்.

மேல்தோல் தொற்று வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓப்ராவை 51 பேருக்கு வைத்து ஐந்து வருடம் பின்தொடர்ந்த ஸ்வீடன் ஆய்வில், 34 பேருக்கு மொத்தம் 70 மேல்தோல் தொற்றுகள், பெரும்பாலும் மாத்திரைக்கு அடங்குபவை. ஆழத் தொற்று 11 பேருக்கு 14 முறை. ஐந்து வருட முடிவில் நூற்றுக்கு 92 குழல்கள் எலும்பில் இருந்தன. அதே கோத்தன்பர்க்கில் 96 பேரைப் பார்த்த 2017 ஆய்வு இன்னும் வெளிப்படையானது: பத்து வருடத்துக்குள் எலும்பிலேயே தொற்று பிடிக்கும் வாய்ப்பு 20 சதவீதம், அதனால் தண்டை எடுக்க வேண்டி வரும் வாய்ப்பு 9 சதவீதம். இறுக்கி இறக்கும் பாணியில் 86 பேரைப் பார்த்து 2016-இல் வந்த ஆய்வில், எந்தச் சிக்கலும் இல்லாதவர்கள் 31 பேர், தொற்று வந்தவர்கள் 29 பேர். இந்த எண்களை இரண்டு பாணிக்கும் பந்தயம் வைத்துப் பார்க்கக் கூடாது. பின்தொடர்ந்த காலமும் ஆட்களும் வேறு.

மாத்திரையில் அடங்கும் தொற்றா, எலும்புக்குப் போகும் தொற்றா என்பதை ஊரில் இருக்கும் பொது மருத்துவர் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. எப்போதும் கசியும் துளையைப் பார்த்ததும் பயந்து, தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. அது அடுத்த முறைக்குக் கிருமியை மருந்துக்குப் பழக்கும். கவனிக்க வேண்டியவை: கசிவு திடீரென்று கூடுவது, நிறமும் நாற்றமும் மாறுவது, துளையைச் சுற்றிய சிவப்பு நாளுக்கு நாள் விரிவது, காய்ச்சல், எல்லாவற்றையும் விட, காலை ஊன்றும்போது எலும்புக்குள் புதிதாக ஒரு வலி. கடைசியாகச் சொன்னது வந்தால் காலைக் கழற்றிவிட்டு, நடப்பதை நிறுத்தி, தண்டு வைத்த மையத்திடம் பேச வேண்டும். தளர்வும் ஆழத் தொற்றும் பெரும்பாலும் அப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

குளம், ஆறு, பொது நீச்சல்குளம் பற்றி மையத்துக்கு மையம் விதி வேறு. ஓடுவதும் குதிப்பதும் ஓப்ராவில் கூடாது. உடல் எடைக்கு 100 கிலோ உச்சவரம்பு.

உட்காருவதும் விழுவதும்

எலும்பு வழி எங்கே தெளிவாக ஜெயிக்கிறது என்றால், உட்காரும் இடத்தில். சாக்கெட்டின் மேல் விளிம்பு உட்காரும் எலும்புக்குக் கீழே முட்டுக்கொடுத்து நிற்பதால், ஆட்டோவிலும் கழிவறையிலும் அது தொடையிடுக்கைக் குத்தும், இடுப்பு முழுதாக மடங்காது. தண்டில் விளிம்பே கிடையாது, இடுப்பு எல்லாப் பக்கமும் தடையில்லாமல் திரும்பும். மாட்டிக்கொள்ளச் சில விநாடி, ஒரு சாவித்திருகு போதும். காலடியில் இருப்பது மண்ணா சிமென்ட்டா என்பது எலும்பு வழியே அதிர்வாகத் தெரியும், சாக்கெட்காரருக்கு அது கிடைக்காது.

சம்மணம் போட்டு உட்காருவது மட்டும் இரண்டிலும் தனி ஏற்பாடு. முழங்காலுக்கு மேலே 'டர்ன்டேபிள்' என்ற சுழல் இணைப்பை வைத்து, பொத்தானை அழுத்திக் கீழ்க்காலைத் திருப்ப வேண்டும். அது இல்லாமல் தண்டோடு சம்மணம் போட முயன்றால் முறுக்கு முழுவதும் எலும்புக்குப் போகும். இணைப்புக் கருவி, டர்ன்டேபிள், மூட்டு எல்லாம் தொடைக்கும் முழங்காலுக்கும் நடுவே அடங்க இடம் வேண்டும். ஸ்டம்ப் நீளமாக இருப்பவருக்கு, எலும்பைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்தால்தான் இரண்டு முழங்காலும் ஒரே உயரத்தில் நிற்கும். இதை ஆபரேஷனுக்கு முன்பே அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

விழுந்தால் சாக்கெட் வழுக்கும், சுழலும், அடியைக் கொஞ்சம் தின்னும். தண்டில் அடி நேரே எலும்பில் இறங்கும், தண்டுக்கு மேலே தொடை எலும்பு முறியலாம். அதனால்தான் வெளி இணைப்பில், அளவுக்கு மீறிய முறுக்கு வந்தால் விட்டுக்கொடுக்கும் பாதுகாப்பு அமைப்பும், வேண்டுமென்றே முதலில் ஒடியும்படி செய்த முளையும் வைக்கிறார்கள். மேலே சொன்ன 86 பேரில் 25 பேருக்கு அந்த முளை ஒடிந்தது. ஒடிந்தது நல்லதே, எலும்பு தப்பித்தது. ஆனால் ஒடிந்த நாளில் மாற்று முளை கையில் இல்லாவிட்டால் அடுத்த பார்சல் வரும்வரை ஊன்றுகோல்தான். ஓப்ராவில் தண்டும் உள் திருகாணியும் வளையலாம், ஒடியலாம். 51 பேரில் 15 பேருக்கு ஐந்து வருடத்தில் 43 முறை அப்படி ஆனது.

யாருக்கு எது

சுகரால் ரத்தக்குழாய் அடைத்துக் கால் போனவருக்குத் தண்டு வேண்டாம், தரமாகச் செய்யும் மையங்கள் ஒத்துக்கொள்ளவும் மாட்டா. ரத்த ஓட்டம் குறைந்த தோலும் புண் ஆறாத உடம்பும் திறந்த துளையைத் தாங்காது. புகை பிடிப்பவர் நிறுத்தாமல் போகக் கூடாது. வளரும் எலும்புள்ள பிள்ளைகள், கீமோ எடுப்பவர்கள், எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், அந்தத் தொடையில் கதிர்வீச்சு வாங்கியவர்கள் எல்லாரும் சாக்கெட்டோடு நிற்பது நல்லது.

விபத்திலோ கண்ணிவெடியிலோ கால் இழந்து, மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் முப்பது, நாற்பது வயதுக்காரருக்கு, ஸ்டம்ப் குட்டை, சாக்கெட் பல முறை தோற்றது என்றால் தண்டைப் பற்றி யோசிக்கலாம். சாக்கெட்டில் நாள் முழுவதும் நடக்கிறவர், கொஞ்சம் வியர்வைத் தொல்லை மட்டும் என்றால் எங்கள் அபிப்பிராயம் திடமானது: மாற வேண்டாம். தோல் மூடிய காலைத் திறந்த காலாக மாற்றிக்கொள்ள அந்தத் தொல்லை போதாது. முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டவர்களுக்கு சாக்கெட் பெரும்பாலும் நன்றாகவே அமையும், அங்கே தண்டு இன்னும் அபூர்வமான தேவை.

ஊரில் சாக்கெட்டுக்கு ஆள் உண்டு: சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி., யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம். எது பிசகினாலும் பஸ் ஏறிப் போய்த் திருத்திக்கொள்ளலாம். தண்டுக்கு வெளிநாடு போகத் தீர்மானித்தால், ஆபரேஷன் கட்டணத்தை மட்டும் கணக்கில் வைக்காதீர்கள். முழங்கால் மூட்டும் பாதமும் தனி. பயிற்சி முடியும்வரை அங்கே தங்கும் செலவு தனி. முதல் இரண்டு வருடம் எக்ஸ்ரேயும் துளைச் சோதனையும் தொடர்ந்து நடக்க வேண்டும். பிறகு வெளித்தண்டோ முளையோ திருகாணியோ மாற்றும் செலவு வாழ்நாள் முழுவதும்.

புறப்படும் முன் அந்த மையத்திடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்தப் பாணி, எந்த உலோகம், என்ன அளவு என்ற தண்டின் விவர அட்டை; இதுவரை எத்தனை பேருக்கு வைத்தார்கள், எத்தனை பேருக்கு எடுத்தார்கள்; உங்கள் ஊரில் ஒரு எலும்பு மருத்துவரோடு முன்கூட்டியே பேசி, தொற்று வந்தால் என்ன கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுப்பது, எந்த ஆன்டிபயாட்டிக்கை எத்தனை நாள் கொடுப்பது, எப்போது திருப்பி அனுப்புவது என்று கொடுத்த குறிப்பு; எக்ஸ்ரேயை அனுப்பினால் எத்தனை மணி நேரத்தில் யார் பார்ப்பார்கள் என்ற உறுதி. கூடவே பையில் இரண்டு மாற்று முளை, சரியான அளவு சாவி, எந்த அழுத்தத்தில் திருகாணியை முறுக்க வேண்டும் என்ற எண்ணும் அந்த அழுத்தத்தைக் காட்டும் முறுக்குச்சாவியும். கைக்கு வந்த இறுக்கத்தில் முறுக்கினால், தளர்வாக விட்டது ஆடி ஆடித் தண்டைத் தேய்க்கும், அதிகம் இறுக்கியது திருகாணியைக் கெடுக்கும்.